சேற்றுக்குள் ஒரு கம்பி

நேயர்களுக்கு வணக்கம்.

பிறை தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வருபவர்களிடம் மாசுக்குப் பேர்போன ஜூரு ஆற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஆற்றோரக் கறுப்புச் சேற்றை ஒரு வாளி அள்ளிவந்துதான் பினாங்கில், பாக்டீரியாவுக்குக் கழிவுநீரைத் தீனியாகப் போட்டு மின்சாரம் எடுக்கும் எங்கள் சோதனைக்கூட வேலையைத் தொடங்கினோம். அடுத்த அறைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

எங்களுக்கு வேண்டியது சேறு இல்லை, அதில் குடியிருக்கும் பாக்டீரியா. நாம் உண்ட சோற்றிலிருந்து பிரியும் எலெக்ட்ரான்களைக் கடைசியில் வாங்கிக்கொள்வது நாம் இழுக்கும் ஆக்சிஜன். சேற்றுக்குள் அதற்கு எங்கே போவது? ஜியோபேக்டர் என்னும் இனம் அவற்றை இரும்புத் துருவின் தலையில் கட்டிவிடுகிறது. துரு இருக்கும் இடத்தில் கரியிழையால் நெய்த, மின்சாரம் கடத்தும் துணியை வைத்தால் அதில் ஒட்டிக்கொண்டு அங்கேயே இறக்கிவிடும். எலெக்ட்ரான்கள் கம்பி வழியே மறுமுனையில் காற்றுப் படும் இன்னொரு துணிக்குப் போய், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகும். கம்பியில் ஓடுவது மின்சாரம், பாக்டீரியா தின்று தீர்ப்பது கழிவு.

பாட்டிலில் தீனியாக ஊற்றியது செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீர். ஆலையைவிட்டு வரும்போது 80, 90 டிகிரி சூடு, கெட்டியான பழுப்பு, புளித்த வாடை. அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று அளக்கும் பி.ஓ.டி. கணக்கில் லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம். ஆற்றில் விடுவதற்குச் சட்டம் பொதுவாகக் கேட்பது 100. ஆறவைத்து, தண்ணீர் கலந்துதான் ஊற்றினோம்.

ஆறாம் நாள் மீட்டரில் 410 மில்லிவோல்ட். "கைப்பேசிக்குச் சார்ஜ் போடலாமாடா?" என்று அக்கா கேட்டார். மூன்று பாட்டில்களைத் தொடராக இணைத்தால் 1.2 வோல்ட் வரும் என்று நானும் ஆசைப்பட்டேன். தீனி தீர்ந்துபோன நடுப்பாட்டிலின் மின்முனைகள் தலைகீழாக மாறி, அது மற்ற இரண்டும் கொடுத்ததை விழுங்கிவிட்டது.

ஆகவே மின்சாரத்துக்காக இதைக் கட்டாதீர்கள். அதற்குக் கழிவுநீர்க் குளத்தை மூடி மீத்தேன் எரிவாயு பிடிக்கும் வழி ஆலைகளில் ஏற்கெனவே இருக்கிறது. இதன் லாபம் வேறு இடத்தில். கழிவுநீரைச் சுத்தம் செய்ய வழக்கமாகக் காற்று ஊதும் தொட்டியில் ஊதிக்கு மின்கட்டணம் கட்டவேண்டும். ஆக்சிஜனோடு தின்னும் பாக்டீரியா கொழுத்துப் பெருகும், மண்டிய கசடைப் பிழிந்து லாரியில் ஏற்றவேண்டும், அதற்கும் காசு. நம்முடையது தின்ற சக்தியில் ஒரு பங்கைக் கம்பியில் விட்டுவிடுவதால் மெல்லத்தான் பெருகும், கசடும் குறைவு.

பாட்டிலில் சரி, தொட்டியில்? போன வாரம் ஒரு பாட்டிலைக் கழற்றினோம். காற்றுப் பக்கத் துணியில் வெள்ளையாக உப்பு, அதன்மேல் வழுவழுவென்று படலம். பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவியதும் மீட்டர் மறுபடி ஏறியது. ஆலைத் தொட்டிக்கு எத்தனையோ நூறு சதுர மீட்டர் துணி வேண்டும். அதை யார் உட்கார்ந்து தேய்ப்பது என்பதுதான் இப்போது எங்கள் ஆராய்ச்சி.