இரண்டு வரைபடங்கள் சந்தித்த விரிகுடா

நேயர்களுக்கு வணக்கம். தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டுக்குத் தெற்கே விக்டர் ஹார்பர் என்றொரு கடற்கரை ஊர். அங்கே கடலுக்குள் துருத்தி நிற்கும் கருங்கல் குன்றை ஊரார் 'ப்ளஃப்' என்பார்கள். உயரம் ஏறக்குறைய 100 மீட்டர். 1902 ஏப்ரல் 8 அன்று ஆளுநர் டென்னிசன் பிரபு இங்கே ஒரு நினைவுப் பலகையைத் திறந்துவைத்தார். அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்புதான் ஆஸ்திரேலியக் கரையைத் தனித்தனியே வரைபடமாக்கிவந்த ஆங்கிலேய மாலுமி மேத்யூ பிளிண்டர்ஸும் பிரெஞ்சு மாலுமி நிக்கோலா போதனும் இங்குள்ள என்கவுண்டர் விரிகுடாவில் எதிர்ப்பட்டார்கள்.

பலகையைப் படித்த கையோடு இறங்கிவிடாதீர்கள். சந்திப்பு நடந்தது கடலில். பிளிண்டர்ஸ் குறித்துவைத்த நிலை தெற்கே 35 பாகை 40 கலை, கிழக்கே 138 பாகை 58 கலை. அது ப்ளஃபுக்குக் கிழக்கே, சற்றே தென்புறமாகச் சாய்ந்து, சுமார் 35 கிலோமீட்டர். 100 மீட்டர் உயரத்திலிருந்து தொடுவானமும் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான். உச்சியில் நின்று கடலின் விளிம்பைப் பார்த்தால் அந்த இடத்தையே பார்க்கிறீர்கள்.

மாலை 4 மணிக்கு பிளிண்டர்ஸின் 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து, முன்னால் வெள்ளைப் பாறை தெரிவதாகக் குரல் வந்தது. நெருங்கினால் கப்பல்! போரிட்டுக்கொண்டிருந்த பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையே ஆமியன் சமாதான ஒப்பந்தம் மார்ச் 25 அன்றே கையெழுத்தாகியிருந்தது. செய்தி இவ்வளவு தூரம் எட்டவில்லை. பிளிண்டர்ஸிடம் பிரெஞ்சு அரசின் அனுமதிச்சீட்டும் போதனிடம் பிரிட்டிஷ் அரசின் அனுமதிச்சீட்டும் இருந்தன. ஆனாலும் சீட்டைக் காட்டும்வரை பீரங்கி பேசிவிடக் கூடாதே. பிளிண்டர்ஸ் போருக்கு ஆயத்தம் செய்துவிட்டுக் கொடியை ஏற்றினார். போதனின் கப்பலான 'ஜியோகிராஃப்' பிரெஞ்சுக் கொடியை ஏற்றியது. பிறகு முன்புறத்தில் ஆங்கிலக் கொடி. பிளிண்டர்ஸ் வெள்ளைக்கொடி காட்டினார். அது ஏமாற்றாக இருந்தால் என்ன செய்வது? அதனால் பிரெஞ்சுக் கப்பல் கடந்து போகையில் தன் கப்பலைத் திருப்பி, பீரங்கி வரிசை உள்ள பக்கத்தையே அதற்குக் காட்டிக்கொண்டிருந்தார். அதன்பிறகே படகை இறக்கினார். பிரெஞ்சு தெரிந்த தாவரவியலாளர் ராபர்ட் பிரவுனையும் அழைத்துக்கொண்டார். பேச்சு பெரும்பாலும் போதனின் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்திலேயே நடந்தது.

இந்தச் சந்திப்பின் உயிர்நாடி என் கணிப்பில் ஒரு வரைபடம். ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் இடையிலுள்ள பாஸ் நீரிணையின் ஆங்கிலேய வரைபடத்தில் வடகரை சரியில்லை என்று போதன் குறை சொன்னார். அந்தக் கரையை ஆங்கிலேயரான ஜார்ஜ் பாஸ் திறந்த படகில் சென்று பார்த்தவர், அட்சரேகை தீர்க்கரேகை கணிக்கத் தக்க கருவி அவரிடம் இல்லை என்ற குறிப்பு அதே தாளில் இருப்பதை பிளிண்டர்ஸ் சுட்டிக்காட்டினார். மறுநாள் காலை விடைபெறும் நேரத்தில்தான் போதன் பிளிண்டர்ஸின் பெயரைக் கேட்டார். தான் குறை சொன்ன வரைபடத்தை வரைந்தவரே எதிரில் நிற்கிறார்!

பின்கதை துயரமானது. போதன் 1803 செப்டம்பரில், அப்போது பிரெஞ்சு வசமிருந்த மொரீஷியஸில் இறந்தார். அதே தீவில் பிளிண்டர்ஸ் அவ்வாண்டு டிசம்பர் முதல் 1810 வரை சிறைப்பட்டிருந்தார். அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் தென்கரைக்கு 'நெப்போலியன் நிலம்' என்று பெயரிட்டு, 1811இல் ஆஸ்திரேலியாவின் முழு வரைபடத்தையும் வெளியிட்டார்கள். பிளிண்டர்ஸின் நூல் வந்தது 1814 ஜூலையில். மறுநாளே அவர் காலமானார். ஆனாலும் போதன் முதலில் கண்ட கரையை அவர் அபகரிக்கவில்லை. அங்கே பிரெஞ்சுப் பெயர்களையே வைத்தார். எனவே இந்த விரிகுடாவுக்கு மேற்கே ஸ்பென்சர், செயின்ட் வின்சென்ட் வளைகுடாக்கள். தென்கிழக்கே போனால் லாசெபீட், கிஷென், ரிவோலி விரிகுடாக்கள்.