கண் திறந்திருப்பவரிடம் எத்தனை தடவை கேட்டோம்?

தாய்மாரே, தகப்பன்மாரே, ஊர்ப் பெரியவர்களே, வணக்கம்.

வன்னியில் நினைவு தப்பிப் படுக்கையில் கிடக்கிற ஒருவரைப் பார்க்கப் போனால், "டொக்டர், நாங்கள் கதைக்கிறது இவருக்கு விளங்குதோ?" என்றுதான் வீட்டுக்காரர் முதலில் கேட்பார்கள். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் அடிபட்ட பெடியனின் வீட்டிலும், 2009 போரில் தலையில் செல் துண்டு பட்டவரின் வீட்டிலும் இதே கேள்விதான். இன்னொரு கேள்வியும் உண்டு. அதைப் படலை வரைக்கும் கூட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "இன்னும் வைச்சிருந்து வருத்துறமோ?" இன்றைக்கு இரண்டையும் மேடையில் வைத்தே பேசுகிறேன்.

நினைவு தப்பிக் கிடப்பது வேறு, மூளைச் சாவு வேறு. மூளைத் தண்டு உட்பட முழு மூளையும் மீளாமல் நின்றுவிட்டால் அது இறப்பு. இலங்கையில் உறுப்பு மாற்றுக்காக இயற்றப்பட்ட 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் அதை ஏற்கிறது. கோமாவில் கண் மூடியிருக்கும். தாவர நிலை என்று மருத்துவம் சொல்வதில் கண் திறந்திருக்கும். அவர் தானாக மூச்செடுப்பார், நித்திரை கொள்வார், விழிப்பார், கொட்டாவி விடுவார், கண்ணீர்கூட வரும். ஆனால் தன்னையோ பக்கத்தில் நிற்பவரையோ உணர்கிறார் என்பதற்கு அடையாளம் ஒன்றும் தெரியாது. இதற்கு ஒரு படி மேலே உள்ளது குறைந்தபட்ச உணர்வு நிலை. அதில் ஒரு மணித்தியாலம் கண் பின்தொடரும், சொன்னதும் செய்வார். அடுத்த மணித்தியாலம் ஒன்றும் இராது.

பிழை நடப்பது இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில்தான். தாவர நிலை என்று முடிவு கட்டி லண்டனில் உள்ள ஒரு சிறப்பு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட 40 பேரைப் பற்றி 1996 இல் ஓர் ஆய்வு வந்தது. ஆறுதலாகப் பரிசோதித்தபோது அவர்களில் 17 பேர் அந்த நிலையில் இல்லை என்று தெரிந்தது. அந்த 17 பேரில் பெரும்பாலானோருக்குக் கண்பார்வை அடியோடு இல்லை, அல்லது மிகவும் குறைவு. பார்வை இல்லாதவரின் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டிவிட்டு, "பதில் இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள்.

முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு தாய் சொன்னதை நான் மறக்கவில்லை. "காலமை கஞ்சி விடேக்க 'சின்னவன்' எண்டு கூப்பிட்டால் என்ர முகத்தைப் பார்க்கிறான் டொக்டர். ஆரும் பார்க்க வந்தால் பார்க்கிறானில்லை." அது வெறும் அனிச்சைச் செயல் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். காலை எட்டு மணிக்கு வலிப்பு மருந்து. பரிசோதனைகள் எல்லாம் அதற்குப் பிறகு, அவன் அரைமயக்கத்தில் கிடக்கிற நேரத்தில் நடந்திருந்தன. அடுத்த தடவை விடியப்புறம் ஆறரைக்குப் போனேன். சுவரில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி, அவன் முகத்துக்கு நேரே பிடித்து, மெல்ல இடப்பக்கம் கொண்டு போனேன். கண் கூடவே வந்தது. வலப்பக்கம் கொண்டு போனேன், வந்தது. தாய் என்னைப் பார்க்கவில்லை, மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விரலை விட, விளக்கை விட, தன் முகம் தெரிகிற கண்ணாடியைத்தான் இப்படிப்பட்டவர்களின் கண் கூடுதலாகப் பின்தொடரும் என்பது ஆய்வில் தெரிந்த விடயம். ஒரு தடவை பார்த்து முடிவு சொல்லவும் கூடாது. இரண்டு கிழமைக்குள் குறைந்தது ஐந்து தடவை பார்க்க வேண்டும்.

வெளியில் ஒன்றுமே தெரியாதவரிடமும் உள்ளே மனம் இருக்கலாம். எட்டடி விரியன் தீண்டியவர்களில் சிலருக்குக் கைகால், இமை, கண்ணின் பாவை எல்லாம் அசையாமல் போய்விடும். மூளைச் சாவு என்றே தோன்றும். உள்ளே முழு நினைவோடு கிடப்பார்கள், மூச்சு இயந்திரத்தில் வைத்திருந்தால் எழும்பி நடப்பார்கள். மூளைக் காயம் வேறு விடயம்தான். ஆனால் அங்கேயும் 2006 இல் மூளை ஆய்வாளர் எட்ரியன் ஓவனும் அவரது குழுவினரும், தாவர நிலை என்று சொல்லப்பட்ட 23 வயதுப் பெண்ணை ஸ்கான் இயந்திரத்துக்குள் வைத்து, "டெனிஸ் விளையாடுவதாக நினையுங்கள்", "உங்கள் வீட்டுக்குள் நடப்பதாக நினையுங்கள்" என்று சொன்னார்கள். நலமான ஒருவருக்கு எந்தெந்த இடங்கள் இயங்குமோ, அந்தந்த இடங்களே அவரது மூளையிலும் இயங்கின. 2024 இல் வந்த பெரிய ஆய்வில், கட்டளை கொடுத்தும் வெளியில் எந்தப் பதிலும் காட்டாத 241 பேரில் 60 பேரின் மூளை கட்டளையைப் பின்பற்றியது.

இனி அந்த இரண்டாவது கேள்வி. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசல் ஏற்பட்டது. அதில் நசுங்கிய இரண்டு இளைஞர்களுக்கும் தாவர நிலை என்றே சொன்னார்கள். நினைவுக்கும் உணர்வுக்கும் வேண்டிய மூளைப் புறணி ரொனி பிளாண்டுக்கு அழிந்துவிட்டது. பெற்றோரும் மருத்துவரும் கேட்க, 1993 இல், அப்போது அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை குழாய் உணவை நிறுத்த அனுமதித்தது. அடுத்த மாதம் அவர் இறந்தார். அன்ட்ரூ டிவைனைக் குடும்பம் வைத்துப் பார்த்தது. எட்டு வருடத்தின் பிறகு அவர் ஒரு பொத்தானை அழுத்தி ஆம், இல்லை என்று பதில் சொல்வதாகச் செய்தி வந்தது. 2021 வரைக்கும் இருந்தார்.

இதைக் கேட்டுவிட்டு, ரொனியின் பெற்றோர் அவசரப்பட்டார்கள் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. அவர்களுடைய பிள்ளையின் மூளை அன்ட்ரூவினுடையதைப் போல இருக்கவில்லை. இரண்டு குடும்பமும் தங்கள் பிள்ளையைத்தான் பார்த்து முடிவெடுத்தன. நானும் அதைத்தான் கேட்கிறேன். பொதுவாகத் தலையில் அடிபட்டவருக்குப் பன்னிரண்டு மாதம், மூச்சு நின்று மூளை பாதிக்கப்பட்டவருக்கு மூன்று மாதம் போகும் முன்னர், "இனி இல்லை" என்ற சொல்லை வாயில் எடுக்க வேண்டாம். அதன் பிறகும் முன்னேற்றம் வந்தவர்கள் உண்டு. அதனால்தான் 2018 இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள் 'நிரந்தர' என்பதை விட்டு 'நாட்பட்ட' என்று எழுதச் சொன்னார்கள்.

நன்றாகப் பரிசோதித்து, காலமும் போய், ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், மறுபடி மூச்சு இயந்திரத்தில் போட வேண்டாம், நெஞ்சை அமுக்க வேண்டாம் என்று குடும்பம் மருத்துவரிடம் சொல்வது கொலை அல்ல. அந்த ஆளுக்கு இனி உதவாத சிகிச்சையை விடுவதுதான் அது. உயிரை எடுப்பதற்கென்று ஊசி போடுவது வேறு. நமது நாட்டில் அது குற்றம், நானும் அதற்கு உடன்பட மாட்டேன். குழாய் உணவு கடினமான இடம். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு, அது அடிப்படைப் பராமரிப்பு என்று 2004 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் சொன்னது பெரிய விடயம். அவர்களை யாரும் அவசரப்படுத்தக்கூடாது. எந்த முடிவு எடுத்தாலும் நோவுக்கு மருந்தும், படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடுவதும், வாய் துடைப்பதும் நிற்கக்கூடாது.

இதை ஆர் முடிவெடுப்பது? கனடாவில் இருக்கிற அண்ணன் காசு அனுப்புகிறார், "எப்பிடியாவது காப்பாத்துங்கோ" என்று போனில் அழுகிறார். அவருடைய அன்பு பொய்யில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு எழும்பிப் புரட்டிவிடுகிறவர் இங்கே இருக்கிற தாய் அல்லது மனைவி. காணியும் நகையும் அடகில் போகும்போதும் அவர்தான் கையெழுத்து வைக்கிறார். கூடிக் கதைக்கிற நாளில் அவரை முதலில் கதைக்க விடுங்கள்.

கிளினிக்குக்கு வரும்போது ஒரு கொப்பி கொண்டு வாருங்கள். எந்த நாள், எத்தனை மணி, மருந்து கொடுக்க முன்னமோ பின்னமோ, ஆர் கூப்பிட்டது, என்ன செய்தார் என்று எழுதியிருக்கட்டும். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளை எழுதட்டும். அந்தக் கொப்பியை வாசித்து முடிக்காமல் நான் சீட்டில் ஒரு சொல்லும் எழுத மாட்டேன்.