புத்தகத்தில் நிலா நிற்கிறது, குன்னூரில் ஏன் படுத்திருக்கிறது?

வணக்கம். இந்த வாரம் முதல் கேள்வி குன்னூரிலிருந்து ஒரு அம்மா அனுப்பியது. கேள்வி கொஞ்சம் நீளம், சுருக்கிச் சொல்கிறேன். மகளுக்கு ஐந்து வயது. பிறந்தநாளுக்கு நிலாவைப் பற்றி ஒன்று, பருவகாலங்களைப் பற்றி ஒன்று என்று இரண்டு படப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. இரண்டுமே வெளிநாட்டுப் புத்தகங்களின் தமிழாக்கம். "புத்தகத்துல நிலா நிக்குது, நம்ம வீட்டுல ஏன் படுத்திருக்கு?" என்று குழந்தை கேட்கிறாளாம். அப்புறம், "நம்ம ஊர்ல எப்போம்மா இலையெல்லாம் சிவப்பாகிக் கொட்டும், எப்போ பனிமனிதன் செய்யலாம்?" என்றும் கேட்டிருக்கிறாள். இந்தப் புத்தகங்களை எடுத்து வைத்துவிடலாமா, வேறு என்ன வாங்கலாம் என்பது அம்மாவின் சந்தேகம்.

எடுத்து வைக்க வேண்டாம், அம்மா. உங்கள் மகள் புத்தகத்தையும் பார்க்கிறாள், ஜன்னலையும் பார்க்கிறாள். கோத்தகிரியில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டி எனக்குப் பல வருடப் பழக்கம். பிறை படுத்திருக்கிறது என்பதை ஒரு பொடியன் சொல்லித்தான் நானே கவனித்தேன்.

சரி, நிலாவை முதலில் முடித்துவிடுவோம். நீலகிரி, பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. லண்டன் 51 டிகிரிக்கும் மேலே. நம் ஊரில் மாலைச் சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக இறங்கும். மூன்றாம் பிறை அதற்கு மேலே இருக்கும். நிலாவில் வெளிச்சம் படுகிற பக்கம் எப்போதும் சூரியன் இருக்கும் திசையில்தான் இருக்கும். சூரியன் கீழே போய்விட்டதால் பிறையின் வயிறும் கீழே, தோணி மாதிரி. லண்டனில் சூரியன் சாய்வாகச் சறுக்கிக்கொண்டு மறையும், அதனால் பிறை பக்கவாட்டில் வெளிச்சம் வாங்கி நிற்கிறது. படம் வரைந்தவர் தன் வீட்டு ஜன்னலில் கண்டதை வரைந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்தத் தோணி வருடம் முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. மாசி, பங்குனியில் பார்த்தால் ஏறக்குறைய சமமாக மிதக்கும். புரட்டாசி, ஐப்பசியில் ஒரு பக்கமாக நன்றாகச் சாய்ந்திருக்கும். பௌர்ணமியும் அப்படித்தான். மார்கழி, தைப் பௌர்ணமியன்று நடுராத்திரியில் நிலா உச்சந்தலைக்கு மேலே நிற்கும், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஆனிப் பௌர்ணமி தெற்கே தள்ளித் தாழ்வாகப் போகும். ஆனியில் இந்த மலையில் நிலாவைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், எனக்கு மேகம்தான் தெரிந்தது.

புதிதாக நிலாப் புத்தகம் வாங்குகிறீர்களா? கடையில் நின்றபடியே புரட்டிப் பாருங்கள். பிறையின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு நட்சத்திரத்தை ஒட்டி வைத்திருந்தால் நான் சிரித்துக்கொண்டே கீழே வைத்துவிடுவேன். அந்த இடம் காலி இல்லை, நிலாவின் இருட்டுப் பக்கம் அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் பிறையன்று வானம் சுத்தமாக இருந்தால் அந்த இருட்டு வட்டம் சாம்பல் நிறத்தில் லேசாகத் தெரியும். பூமியில் பட்டு எதிரொளிக்கும் வெளிச்சம் அது. பிள்ளைகளுக்கு ஒரு தடவை காட்டிவிட்டால் மறக்கவே மாட்டார்கள்.

இன்னொரு பிழை, ஊரே தூங்கும் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மெல்லிய வளர்பிறை. மூன்றாம் பிறை ராத்திரி எட்டரைக்குள் மறைந்துவிடும், மேற்கே மலை இருக்கிற வீடுகளில் அதற்கும் முன்னாலேயே. நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. முழுநிலா சூரியன் மறையும் வேளையில் கிழக்கே வரும், தேய்பிறை அஷ்டமி நிலா நடுராத்திரி வாக்கில் வரும். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பள்ளி வேனுக்கு நிற்கும்போது அது இன்னும் மேலேதான் இருக்கும். பகலில் நிலாவைக் காட்டுகிற புத்தகம் கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள்.

இப்போது பனிமனிதன். இதில் குழப்பத்துக்குக் காரணம் நம் மொழிபெயர்ப்பு. தமிழில் பனி என்ற ஒரே சொல்லுக்கு எத்தனை வேலை! புல்லில் முத்தாக நிற்பது பனித்துளி. குன்னூர்ச் சாலையில் எதிரே வரும் பஸ்ஸை மறைப்பது மூடுபனி. ஊட்டியில் டிசம்பரில் புல்வெளியை வெள்ளையாக்குவது உறைபனி. வானத்திலிருந்து பஞ்சு மாதிரி இறங்குவதும் பனிதான், அது நம் மலையில் இல்லை. புத்தகத்தில் வெறுமனே 'பனி பெய்தது' என்று எழுதினால் மலைப் பிள்ளை என்ன நினைக்கும்? நேற்றுக்கூட நம் வீட்டில் பனிதானே என்றுதான் நினைக்கும்.

ஒரு ஜனவரியில் தலைகுந்தா பக்கம் நான்கைந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். விடியற்காலை, புல் முழுக்க வெள்ளை. ஒரு பெண் டிபன் பாக்ஸ் மூடியால் புல்லைச் சுரண்டிச் சுரண்டி உறைபனியைச் சேர்த்தாள். கால் மணி நேரம் சுரண்டி ஒரு கைப்பிடி வந்தது. உருட்டிப் பிடித்ததும் கை சிவந்து போனது, உள்ளங்கையில் தண்ணீரும் நான்கு புல்லும்தான் மிச்சம். "இவ்ளோதானா பனிமனுசன்?" என்றாள். அந்த மூடியைப் பிறகு அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.

உறைபனி 'விழுந்தது' என்று சொல்கிறோம், ஆனால் அது எங்கிருந்தும் விழுவதில்லை. மேகமில்லாத ராத்திரியில் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. புல் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்துவிடும், காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேலேயே பனிக்கட்டியாகப் படியும். மேகம் இருந்தால் கம்பளி போர்த்திய மாதிரி, சூடு அவ்வளவு சீக்கிரம் போகாது. நிலா பளிச்சென்று காய்கிற ராத்திரிக்கு மறுநாள் தேயிலை கருகும் என்று பெரியவர்கள் பயப்படுவது இதனால்தான். பழி நிலா மேல் விழுகிறது, காரணம் மேகம் இல்லாததுதான். குளிர்காலத்தில் இப்படி ஒரு ராத்திரி நிலாவைப் பார்த்துவிட்டு, காலையில் புல்லைப் போய்ப் பாருங்கள். உங்கள் மகளின் இரண்டு புத்தகங்களும் ஒரே நாளில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

பருவகாலப் புத்தகத்துக்கு வருகிறேன். இலை சிவப்பது நம் ஊரிலும் உண்டு, தலைகீழாக. அங்கே உதிர்வதற்கு முன் சிவக்கும், இங்கே சோலை மரங்களில் பல, தளிர் விடும்போது சிவக்கும். வயதாகும்போது பச்சையாகிவிடும். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து இதைச் சொல்லிப் பாருங்கள்.

சில புத்தகங்களில் சூரியனுக்குப் பக்கத்தில் பூமி போனால் கோடை என்று இருக்கும். அது தவறு. ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. ஊட்டியில் புல் வெள்ளையாகிற அதே நாட்கள். ஜூலையில் 15.2 கோடி. பருவம் மாறுவது பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால். ஐந்து வயதுக்கு அச்சை எப்படிக் காட்டுவது என்று கேட்பீர்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதே, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-இலிருந்து வேலை செய்கிறது. அதை எதற்காக மலைச்சரிவில் கட்டினார்கள் தெரியுமா? அந்தச் சரிவும் 11 டிகிரிதான், நம் அட்சரேகை அளவு. அதனால் அந்த நீளமான சட்டம் பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. சாலையிலிருந்து விரலை நீட்டி, பூமி இந்தக் கம்பி மாதிரி ஒரு கம்பியில்தான் சுற்றுகிறது என்று சொல்லலாம். ரேடியோ அலை அனுப்பும் தூரத்து விண்பொருள்களை நிலா மறைக்கும்போது அவற்றை அளப்பதற்காகவே முதலில் அதை வடிவமைத்தார்கள். நிலாப் புத்தகம் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பிக்னிக் எனக்குத் தெரியவில்லை.

நான்கு பருவத்துக்குப் பதில் நம்முடைய ஆறு பெரும்பொழுதைச் சொல்லித் தரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள், கார், கூதிர் என்ற பெயர்களே காதுக்கு அழகு. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் என்று பழையவர்கள் வைத்ததும் பொருத்தம்தான். ஆனால் ஆனி, ஆடி முதுவேனில் என்று சொன்னால் கூடலூர்ப் பிள்ளை குடையை மடக்காமலே உங்களை ஒரு பார்வை பார்க்கும். அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற நேரம் அது. நடுவில் தொட்டபெட்டா மலைத்தொடர் நிற்பதால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அப்போது மழை குறைவு, நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஒரே மாவட்டத்துக்கு ஒரே பருவப் புத்தகம் போட முடியாது. எங்கள் பிள்ளைகளிடம் எத்தனை பருவம் என்று கேட்டேன். "ரெண்டு. முதல் சீசன், ரெண்டாவது சீசன்" என்றார்கள். மே மாதம் சுற்றுலா வண்டிகள், செப்டம்பரில் மறுபடியும் வண்டிகள்!

அதனால் என் யோசனை, நிலாப் புத்தகத்தைக் கடையில் வாங்குங்கள், பருவப் புத்தகத்தை வீட்டிலேயே செய்யுங்கள். தினமும் கிழிக்கிற காலண்டர் தாள் போதும். பின்பக்கம் வெறுமையாக இருக்கிற காலண்டராகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அன்று ஜன்னலில் கண்டதை மகள் வரையட்டும். நிலா இருந்தால் நிலா, படுத்திருந்தால் படுத்தபடி. மார்ச், ஏப்ரலில் ஜகரண்டா ஊதா, மே மாதம் பிளம்ஸ், அப்புறம் பேரிக்காய். அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு ஏறக்குறைய 29½ நாள், அந்தத் தாள்களை ஓரத்தில் தைத்தால் ஒரு புத்தகம். வேகமாகப் புரட்டினால் நிலா வளர்ந்து தேயும். குறிஞ்சிக்கு மட்டும் பக்கம் விட முடியாது. நீலக்குறிஞ்சி 2006, 2018 என்று பூத்தது, கணக்குப்படி அடுத்தது 2030.

வானம் தெரியாத நாட்களில் தாளைத் தூக்கிப் போட விடாதீர்கள். எங்கள் ஒரு பையன் செய்த ஆடி மாதப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. வரிசையாகப் பன்னிரண்டு தாள்கள், பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்த சாம்பல் நிறம் மட்டும். பதின்மூன்றாவது தாளில் மூலையில் சின்னதாக ஒரு வெள்ளைக் கீற்று, அதற்குக் கீழே 'வந்துட்டு போயிருச்சு' என்று எழுதியிருக்கிறான்.

அடுத்த கேள்வி கொடைக்கானலிலிருந்து. பொம்மலாட்டத்துக்குப் பழைய சாக்ஸ் போதுமா என்று கேட்டிருக்கிறார்கள்.