கல்லின் வயதும் சங்கற்பக் கணக்கும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, இரு அணிகளிலும் அமர்ந்திருக்கும் பேச்சாளர்களே, இந்த மழையிலும் வெள்ளவத்தைக்கு வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பூமியின் வயதைப் பற்றிய சமய நம்பிக்கையோடு அணு விஞ்ஞானம் மோதுகின்றதா என்பது இன்றைய கேள்வி. மோதுகின்றது என்று சொல்ல வந்திருக்கிறேன். காலையில் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்தவன்தான் இதைப் பேசுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடவுள் உண்டா என்று யாரும் இங்கே கேட்கவில்லை. பூமிக்கு எத்தனை வயது என்று கேட்கிறார்கள். வயது என்பது ஓர் எண். ஒரே பொருளுக்கு இரண்டு எண்களைச் சொன்னால் இரண்டும் சரியாக இருக்க முடியாது.

செட்டியார் தெருவில் மாணிக்கக் கல் வியாபாரம் செய்யும் என் மைத்துனர் சென்ற வாரம் இரண்டு சிர்க்கன் கற்களை எனக்குக் காட்டினார். இரண்டும் இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக் குழிகளில் எடுத்துப் பட்டை தீட்டியவை. ஒன்று நிறமற்றது, மாத்தறை வைரம் என்று நாம் பேர் சொல்லி விற்கும் இனம். மற்றது மங்கிய பச்சை. நிறமற்ற கல்லைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் பிடித்து மேற்பட்டையின் வழியே உள்ளே பார்த்தபோது, அடிப்பட்டைகளின் விளிம்புகள் ஒவ்வொன்றும் இரண்டிரண்டு கோடுகளாகத் தெரிந்தன. ஒளியை இரண்டாகப் பிரிப்பது சிர்க்கனின் குணம். பச்சைக் கல்லிலோ அந்த விளிம்புகள் ஒற்றைக் கோடாகவே நின்றன. "உள்ளுக்குள்ள கெட்டுப்போன கல்லு அத்தான் இது," என்றார் மைத்துனர்.

அந்தக் கல்லைக் கெடுத்தது யுரேனியம். சிர்க்கன் பளிங்காக உறையும்போது சிறிதளவு யுரேனியத்தைத் தன் கட்டமைப்புக்குள் ஏற்றுக்கொள்ளும். யுரேனிய அணுக்கரு சிதைந்து அல்பாத் துணிக்கை என்ற சிறு துண்டை வெளியே தள்ளும் ஒவ்வொரு முறையும் எஞ்சிய கரு பின்னோக்கி உதைபட்டு, சுற்றியுள்ள அணுக்களை அவற்றின் இடத்திலிருந்து பெயர்த்துவிடுகிறது. யுரேனியம் குறைந்த கல் அதைத் தாங்கிக்கொள்கிறது. யுரேனியம் மிகுந்த கல் காலப்போக்கில் பளிங்குத் தன்மையையே இழந்து, எடை அடர்த்தி குறைந்து, பச்சையாகி, ஒளியைப் பிரிக்கும் குணத்தையும் விட்டுவிடுகிறது. 6000 ஆண்டுகளில் இந்தச் சேதம் நேராது. கிறிஸ்தவ வேதாகமக் கணக்கை வைத்துப் பூமிக்கு வயது 6000 என்று சொல்லுகிறவர், இந்தக் கல் காயங்களோடேயே படைக்கப்பட்டது என்றும் சொல்ல வேண்டிவரும்.

காயம் ஒரு சாட்சி என்றால், ஈயம் மற்றொரு சாட்சி. உறையும் வேளையில் சிர்க்கன் யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏற்காது. ஆகவே இன்று கல்லுக்குள் இருக்கும் ஈயம், ஏறக்குறைய முழுவதும், உள்ளிருந்த யுரேனியம் சிதைந்து உண்டானது. ஈயத்தையும் எஞ்சிய யுரேனியத்தையும் ஒப்பிட்டால் கல்லின் வயது தெரியும். யுரேனியத்தில் இரண்டு வகை இருப்பதால், அதிலும் இரண்டு மணிக்கூடுகள் உள்ளன: யுரேனியம்-238 பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் செல்லும்; யுரேனியம்-235 பாதியாகக் குறைய ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகள் போதும். வேகம் வேறான இந்த இரண்டும் ஒரே கல்லில் ஒரே விடையைத் தருகின்றன. நம் இரத்தினபுரிச் சிர்க்கன்கள் ஏறத்தாழ 56 கோடி ஆண்டு என்று விடை சொல்லுகின்றன. அந்த விடை அவ்வளவு உறுதியானது என்பதால், வெளிநாட்டு ஆய்வுகூடங்கள் தங்கள் கருவிகளைச் சரிபார்க்கும் தரக் கற்களாக இலங்கைச் சிர்க்கன்களை வைத்திருக்கின்றன.

எதிரணித் தலைவர், "விஞ்ஞானிகளின் எண்ணே மாறிக்கொண்டிருக்கிறதே, அதை நம்பி எப்படி மோதலைப் பேசுவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான விடையும் நம் மண்ணிலேயே கிடக்கிறது. 1877 இல் இதே கொழும்பில், சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாகப் பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றறிஞராக உலகம் அறிந்த அவர், அதற்கு முன் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர்; தோரியனைற்று என்ற கனிப்பொருளை 1904 இல் இங்கே கண்டறிந்தவர். மூன்று ஆண்டுகள் கழித்து, அமெரிக்க வேதியியலாளர் போல்ற்வுட், ஈயத்தையும் யுரேனியத்தையும் ஒப்பிட்டுக் கனிப்பொருள்களின் வயதை முதன்முதலாகப் பட்டியலிட்டபோது, அதில் மிகப் பழையதாக நின்றது இலங்கைத் தோரியனைற்று. 220 கோடி ஆண்டு என்று அவர் கணித்தார். அந்தக் கணக்குப் பிழை. அந்தக் கனிப்பொருளில் மிகுந்திருக்கும் தோரியம் என்ற தனிமமும் ஈற்றில் ஈயமாகிறது என்பதை அவர் கணக்கிற் சேர்க்கவில்லை. பிழையைக் கண்டுபிடித்தவர்களும் அதே துறையினர்தான், மறைக்காமல் திருத்தினார்கள். பூமியின் வயதை, பூமி உருவான காலத்திலேயே உருவான விண்கற்களின் ஈயத்தைக் கொண்டு அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பற்றர்சன் 1956 இல் 455 கோடி ஆண்டு என்று அளந்தார். அதன்பின் எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. இன்றைய விடை ஏறத்தாழ 454 கோடி. எண் அங்கேயே நிலைகொண்டுவிட்டது.

இரண்டாவதாகப் பேசிய சகோதரி, "அந்தக் காலத்தில் அணுக்கள் வேகமாகச் சிதைந்திருக்கலாமே" என்றார். ஆபிரிக்காவின் கபோன் நாட்டில் ஒக்லோ என்ற இடத்து யுரேனியத்தில், இருக்க வேண்டிய யுரேனியம்-235 சற்றுக் குறைவாக இருப்பதை 1972 இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டார்கள். அணு உலையில் எரிவது அந்த வகைதான். தேடிப் பார்த்தால், ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடி நீரின் துணையோடு அங்கே இயற்கையாகவே ஓர் அணு உலை இயங்கியிருக்கிறது. அது விட்டுச்சென்ற சாம்பலை ஆராய்ந்தவர்கள், அணுக்கருவை ஆளும் விதிகள் அன்றும் இன்றிருப்பவைபோலவே இருந்தன என்று கண்டார்கள். இன்னொன்றையும் சகோதரி எண்ணிப் பார்க்க வேண்டும்: சிதையும் அணு ஒவ்வொன்றும் வெப்பத்தை விடுகிறது. 454 கோடி ஆண்டு வெப்பத்தை 6000 ஆண்டுகளுக்குள் அடைத்தால் நாம் நிற்கும் தரை உருகிப்போயிருக்கும்.

"வேதாகமம் படைப்புக்குச் சொல்லும் ஆறு நாள் நம் நாளன்று, குர்ஆனிலும் இறைவனிடத்து ஒரு நாள் ஆயிரம் ஆண்டு என்று வருகிறது" என்றும் சகோதரி சொன்னார். அந்த வாசிப்பை நான் மதிக்கிறேன். படைப்பின் நாளை நம் நாளாகக் கொள்ள வேண்டியதில்லை என்று திருச்சபையின் பேரறிஞர் புனித அகுஸ்தீன் 5 ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். ஆனால் அதே அகுஸ்தீன்தான், மனித குலம் தோன்றி 6000 ஆண்டுகள்கூட நிறையவில்லை என்றும் எழுதினார். 1650 இல் அயர்லாந்தின் பேராயர் அஷர், தமக்குக் கிடைத்த பழைய ஏடுகளையெல்லாம் ஒப்பிட்டு உழைத்து, கி.மு. 4004 என்று படைப்புக்கு ஆண்டு குறித்தார். அந்த எண் பின்னர் ஆங்கில வேதாகமங்களின் பக்க ஓரத்திலேயே அச்சாகியது. அவரை ஏளனம் செய்ய எனக்கு மனம் வராது. ஆயினும், தலைமுறை தலைமுறையாக மக்கள் நம்பியது அந்த எண்ணைத்தான். கல் பேசத் தொடங்கிய பிறகு அதைக் கைவிட்டார்கள். மோதல் இல்லையென்றால் கைவிட வேண்டிய தேவை ஏன் வந்தது?

இனி என் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். மூன்றாவதாகப் பேசிய தம்பி, "ஒரு கற்பம் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி, நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள்" என்றபோது இந்த மண்டபமே கைதட்டியது. எனக்கு மனம் நொந்தது. தம்பி, கற்பம் என்பது பிரம்மாவின் ஒரு பகல்; 432 கோடி என்பது அதன் முழு நீளம். நாம் அதன் முடிவில் நிற்கவில்லை. பூசைக்கு முன் காலத்தையும் இடத்தையும் சொல்லிச் சங்கற்பம் செய்யும்போது குருக்கள் ஐயா என்ன சொல்லுகிறார் என்று கேட்டுப் பாருங்கள்: சுவேத வராக கற்பம், வைவஸ்வத மன்வந்தரம், இருபத்தெட்டாவது கலியுகம், முதற் பாதம். ஒரு கற்பத்தில் அடங்கும் பதினான்கு மன்வந்தரங்களில் ஏழாவதில் இருக்கிறோம். அந்தக் கணக்கின்படி இந்தக் கற்பத்தில் சென்றது ஏறத்தாழ 197 கோடி ஆண்டு. கல் சொல்லும் எண்ணுக்கும் அதற்கும் இடையில் 257 கோடி ஆண்டு வித்தியாசம் கிடக்கிறது. பெரிய எண்ணைச் சிந்திக்கத் துணிந்த முன்னோரின் மனத்தை நான் வணங்குகிறேன். ஆனால் அஷரின் எண்ணைப் பிழை என்று சொல்லிவிட்டு, என் எண்ணை மட்டும் பொருந்தியதாகக் காட்ட முடியாது. கிறிஸ்தவ நண்பர்கள் எதிரில் இருக்கும் சபையில் அது செய்யத் தகாத காரியம்.

"அப்படியானால் நாளை சங்கற்பம் சொல்லும்போது காதைப் பொத்திக்கொள்வீர்களா?" என்று எதிரணியிலிருந்து ஒருவர் கேட்டார். இல்லை ஐயா. பேரையும் நட்சத்திரத்தையும் கொடுத்து, கைகூப்பி, அந்த வரிகளை முழுமையாகக் கேட்பேன். பத்தொன்பது ஆண்டுகளாக விஞ்ஞானம் கற்பிக்கிறேன், மறுநாள் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "சேர், குருக்கள் ஐயா சொன்ன கணக்குத்தானே பூமியின் வயது?" என்று கேட்டால், மைத்துனரின் பச்சைக் கல்லை அந்தப் பிள்ளையின் கையில் வைத்து, "இல்லை மகன்" என்று சொல்லுவேன். அந்த "இல்லை"யைத்தான் எங்கள் அணி மோதல் என்கிறது. நடுவர் அவர்களே, கல்லை உங்கள் மேசையில் வைக்கிறேன், பூதக்கண்ணாடியும் கொண்டுவந்திருக்கிறேன்.