கதை கேட்டா மட்டும் போதாது, போடுறதுக்கு ஒரு பத்திரிகை வேணும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

சிறுகதை எழுத்தாளனை உருவாக்குறது காதுல கேட்ட கதையா, கையில கிடைச்ச பத்திரிகையா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாடி பேசினவர் நிலாச்சோத்துல ஆரம்பிச்சு விக்கிரமாதித்தன், பஞ்சதந்திரம்னு ஒரு சுத்து சுத்தி வந்து, பாட்டி கிட்ட கதை கேட்டு வளந்த புள்ளைதான் எழுத்தாளன் ஆகும்னு முடிச்சார். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பாட்டிங்க ஆதிகாலத்துல இருந்து கதை சொல்லிட்டுத்தானே இருக்காங்க, அப்புறம் ஏன் சிறுகதைன்னு நாம சொல்ற இந்த வடிவம் பத்திரிகை வர்ற வரைக்கும் வரல? தமிழோட முதல் நவீன சிறுகதைன்னு பலரும் சொல்ற வ.வே.சு. ஐயரோட 'குளத்தங்கரை அரசமரம்' 1915ல எங்க வந்துச்சு? விவேகபோதினிங்கிற பத்திரிகையில. அதுல தாகூர் கதையோட சாயல் இருக்குன்னு எதிரணி சொல்லலாம், சொல்லட்டும், தாகூர் கதைகளும் வங்காளப் பத்திரிகைகள்ல வந்ததுதான்.

வெளிநாட்டுக்குப் போவோம். சிறுகதைன்னா ஒரே மூச்சுல உக்காந்து படிக்கணும், அரைமணியில இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடியணும்னு 1842ல எழுதினவர் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ. அவரே பத்திரிகை ஆசிரியரா வேலை பாத்த ஆளு.

ரஷ்ய எழுத்தாளர் செகாவை எடுத்துக்குங்க. அப்பா கடை நொடிச்சுப் போயி மொத்தக் குடும்பமும் மாஸ்கோவுல கஷ்டப்படுது, இவர் மருத்துவம் படிச்சுக்கிட்டே 1880ல இருந்து நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு எழுதுறார், எதுக்கு, வீட்டுச் செலவுக்கு. பீட்டர்ஸ்பர்க்ல இருந்து வந்த ஓஸ்கோல்கி பத்திரிகையில ஆசிரியர் லெய்க்கின் போட்ட சட்டம், கதை நூறு வரிக்குள்ள இருக்கணும். வரிக்கு எட்டு கோபெக் கூலி, கோபெக்னா ரஷ்யாவோட சில்லறைக் காசு. அந்த நூறு வரி பத்தலன்னு செகாவ் வருத்தப்பட்டு லெய்க்கினுக்கே கடிதம் எழுதியிருக்கார், ஆனா வர்ணனையை வெட்டி, முன்கதையை வெட்டி, ஒரு பேச்சுலயே ஆளை நிறுத்துற அந்தக் கை அங்கதான் பழகுச்சுன்னு நான் உறுதியா நம்புறேன். பாட்டி கதைக்கு வரிக்கணக்கு ஏது, புள்ள தூங்குற வரைக்கும் இழுக்கலாமே.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன், எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமான இடம் இது. 1933ல வாரப் பத்திரிகையா ஆரம்பிச்ச மணிக்கொடியை 1935ல பி.எஸ். ராமையா கதைக்குன்னே பத்திரிகையா மாத்துறார். புதுமைப்பித்தன், கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி எல்லாம் அங்க எழுதினாங்க. கணக்குல பட்டம் வாங்கிட்டு சங்கீதம், தத்துவம்னு இருந்த ஒருத்தரை ராமையா சந்திச்சுப் பேசி, நீங்க கதை எழுதணும்னு தூண்டி, எழுதினதை வாங்கிப் போட்டு, மௌனின்னு பேரும் வச்சார். அந்த மனுஷன் வாழ்நாள்ல எழுதினது இருபத்தஞ்சு கதைகூட இருக்காது, இன்னைக்கும் அதைப் பத்திப் பேசிட்டு இருக்கோம். ராமையா கேக்காம விட்டிருந்தா அந்தக் கதைகள் நமக்கு ஏதுங்க?

எதிரணி கி.ரா.வை, அதாவது எழுத்தாளர் கி. ராஜநாராயணனைக் கொண்டு வருவாங்கன்னு தெரியும். கொண்டு வரட்டும், நானும் அவரைக் கும்பிடுறவன்தான். சொந்த ஊரு இடைசெவல்ல சின்ன வயசுல இருந்து கேட்ட கதை அவர்கிட்ட மலையா கிடந்துச்சு, ஒத்துக்கிறேன், ஆனா எழுத்தாளர்னு நாடு அவரைத் திரும்பிப் பாத்தது 'மாயமான்' கதை 1958ல சரஸ்வதி பத்திரிகையில வந்தப்பதான், அதுக்குள்ள அவருக்கு முப்பது வயசு தாண்டிடுச்சு. விஜயபாஸ்கரன் நடத்தின அதே சரஸ்வதிதான் ஜெயகாந்தனுக்கும் சுந்தர ராமசாமிக்கும் இடம் கொடுத்துச்சு. மூணு பேரும் மூணு ஊரு, மூணு விதமான வளர்ப்பு, கேட்ட கதைகளும் வேற வேற, பொதுவா இருந்தது அந்தப் பத்திரிகை.

இன்னொண்ணும் பாருங்க, வாரப்பத்திரிகையில கதைக்கான இடம் சுருங்கினப்ப கதையும் ஒரு பக்கக் கதையா சுருங்கிப் போச்சு, இப்ப இணைய இதழ்கள் பக்கக்கணக்கு பாக்காம போடுறதால இளைஞர்கள் திரும்ப நீளமா, நிதானமா எழுதுறாங்க. பாட்டி மாறலையே, மாறினது போடுற இடம்தானே?

அடுத்துப் பேச வர்ற எதிரணி அக்கா வேற எதுக்கும் பதில் சொல்ல வேண்டாம், மௌனியைத் தேடிப் பிடிச்சு எழுத வச்சது பாட்டியா, பத்திரிகை ஆசிரியரா, அதை மட்டும் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.