பசி யாருக்கு? ஜார்ஜிய மொழியும் பிரெஞ்சும்

நேயர்களுக்கு வணக்கம். "எனக்குப் பசிக்கிறது" என்பதை இரண்டு மொழிகளில் சொல்லிப் பார்ப்போம். பிரெஞ்சுக்காரர் "ஜே ஃபேன்" என்பார். சொல்லுக்குச் சொல் பிரித்தால் "நான் பசி உடையேன்" என்று வரும். ஜார்ஜியர் "ம்ஷியா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அந்தச் சொல்லின் தலையில் நிற்கும் 'ம்'தான் 'எனக்கு'. "க்ஷியா" என்றால் உனக்குப் பசிக்கிறது, வெறும் "ஷியா" என்றால் அவருக்கு, "க்வ்ஷியா" என்றால் எங்களுக்கு. "எனக்கு வேண்டும்" என்பதும் அப்படியே: "மிந்தா". பசியும் விருப்பமும் ஒருவருக்கு வந்து சேர்பவை என்பது நம் தமிழின் கணக்கு. ஜார்ஜியத்தின் கணக்கும் அதுவே. பிரெஞ்சில் எல்லாவற்றுக்கும் 'நான்' முன்னால் வந்து நிற்க வேண்டும்.

இதைக் கேட்டு உறவு தேடக் கூடாது. பிரெஞ்சு லத்தீனின் மகள். ஜார்ஜியமோ ஸ்வான், மெக்ரெலியன், லாஸ் ஆகிய மூன்று மொழிகளோடு கார்த்வேலியன் என்ற சிறிய குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக்குத் தமிழோடும் உறவில்லை, பிரெஞ்சோடும் உறவில்லை. ஆனால் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசிக்கு மருத்துவம் படிக்கப் போகும் நம் மாணவர்களுக்கு இந்த 'எனக்கு' பெரிய கைப்பிடி.

இன்னொரு கைப்பிடியும் உண்டு. ஜார்ஜியத்தில் 'என்னிடம் இருக்கிறது' என்பதற்கு இரண்டு வினைகள். புத்தகம், பணம் என்றால் "மாக்வ்ஸ்". நண்பர், குழந்தை, நாய் என்றால் "ம்காவ்ஸ்". நம் உயர்திணை, அஃறிணை போலத் தோன்றினாலும் கோடு கிழித்த இடம் வேறு: இங்கே உயிருள்ளதெல்லாம் ஒரு பக்கம். காருக்கும் உயிருள்ளவற்றுக்கான வினைதான்! ஆண்பால், பெண்பால் பிரிவோ ஜார்ஜியத்தில் அறவே இல்லை. அவன், அவள், அது மூன்றுக்கும் "இஸ்" ஒன்றே. பிரெஞ்சில் மேசை பெண், புத்தகம் ஆண். ஆண்பாலுக்கு முன்னால் 'ல', பெண்பாலுக்கு முன்னால் 'லா' வரும்; ஒவ்வொரு பெயரையும் அதனோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் கடைசிவரை தடுமாறுகிறார்கள்.

ஜார்ஜிய எழுத்தைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். அந்த மிரட்சி வீண். 33 எழுத்துகள், பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமில்லை, ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி. எழுதியதை அப்படியே படிக்கலாம். பிரெஞ்சில் பறவைக்கு ஆறு எழுத்து எழுதி "வாஸோ" என்று படிக்கிறார்கள்; ஆறில் ஒன்றுகூடத் தன் சொந்த ஒலியைத் தருவதில்லை.

ஜார்ஜியத்தில் கடினம் காதுக்குத்தான். காற்றுக்கும் கதவுக்கும் தமிழில் எழுதினால் ஒரே சொல்: "காரி". காற்று என்ற சொல்லில் 'க' மூச்சோடு வரும். உதட்டின் முன் மெல்லிய தாளைப் பிடித்தால் அது ஆடும். கதவு என்ற சொல்லுக்குத் தொண்டையை ஒரு கணம் அடைத்து, வாயில் சிறைப்பட்ட காற்றை மட்டும் 'க்' என்று வெடிக்கவிட வேண்டும். தாள் அநேகமாக அசையாது. நம் 'க' இரண்டுக்கும் நடுவில் விழுவதால், நாம் சொன்னது காற்றா கதவா என்று கேட்பவர் குழம்புவார்.

வினைச்சொல் இதைவிடப் பெரிய மலை. கியோர்கி கடிதம் எழுதுகிறார் என்னும்போது அவர் "கியோர்கி". எழுதினார் என்றால் "கியோர்கிம்". எழுதியிருக்கிறாராம் என்றால் "கியோர்கிஸ்". காலம் மாறினால் எழுவாயின் வேற்றுமையே மாறுகிறது. 'நான்', 'நீ' என்ற சொற்கள் இம்மூன்றிலும் மாறாமல் நிற்பதால், தன்னைப் பற்றியே பேசிப் பழகும் மாணவருக்குப் பிழை தெரியாது. அடுத்தவர் பெயரைச் சொன்னதும் அகப்பட்டுக்கொள்வார். ஆகவே முதல் நாளிலிருந்தே வாக்கியங்களைப் பெயர் வைத்துப் பழகுங்கள்.

இத்தனை தூரத்தில் நிற்கும் இரண்டு மொழிகளும் எண்ணும்போது மட்டும் கைகோக்கின்றன. இரண்டிலும் 80 என்பது நாலிருபது: பிரெஞ்சில் "காத்ர்-வேன்", ஜார்ஜியத்தில் "ஓத்க்மோட்ஸி". பிரெஞ்சில் இது பழைய வழக்கத்தின் மிச்சம். 60-ஐ மூவிருபது என்றும் அங்கே ஒருகாலத்தில் எண்ணியிருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி 300 பார்வையற்றோருக்காகப் பாரிஸில் நிறுவிய இல்லத்தின் பெயர் "கேன்ஸ்-வேன்", அதாவது பதினைந்திருபது. இன்று அது கண் மருத்துவமனை. பெல்ஜியத்திலோ 70-க்கும் 90-க்கும் "செப்தான்த்", "நொனான்த்" என்று தனிச்சொற்கள் வைத்துக்கொண்டு, 80-ஐ மட்டும் நாலிருபதாகவே விட்டுவிட்டார்கள்.

ஜார்ஜியத்தில் இது மிச்சமல்ல, முழு முறை. 20 "ஓட்ஸி", 40 "ஓர்மோட்ஸி", 60 "ஸாமோட்ஸி", 80 "ஓத்க்மோட்ஸி". இந்த நான்கோடு 1 முதல் 19 வரை கற்றால், 23 சொற்களில் 99 வரை எண்ணிவிடலாம். நடுவில் 'உம்' என்ற பொருளில் "தா" வரும். 57-க்கு "ஓர்மோட்ஸ்-தா-ச்வித்மெட்டி", ஈரிருபதும் பதினேழும்.

கடையிலும் தொலைபேசியிலும் பிழை நேர்வது இங்கேதான். பிரான்சில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். "சுவாசான்த்", அறுபது, என்று கேட்டதும் 6 என்று எழுதிவிடுவோம். அடுத்து "தீஸுயித்", பதினெட்டு, என்று வந்தால் அது 78. பிரெஞ்சில் இந்தத் தொல்லை 70-களிலும் 90-களிலும் மட்டுமே. ஜார்ஜியத்தில் 30-களிலும் 50-களிலும்கூட உண்டு. "ஓர்மோட்ஸ்" என்று காதில் விழுந்ததும் 4 என்று எழுதாதீர்கள். "தா"வுக்குப் பின்னால் வருவது பத்துக்குக் கீழா மேலா என்று கேட்டுவிட்டு, அதன்பின் பேனாவை வையுங்கள்.