தேடிப் பார்ப்பது சந்தேகமே: ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், அவையில் கூடியிருக்கும் பெரியோர்க்கும் என் வணக்கம். கைப்பேசியில் தம் இருப்பிடத்தைப் பகிர்ந்து வந்த ஒருவர் அதை நிறுத்திவிட்டாரா என்று தேடிப் பார்ப்பது அக்கறையா, சந்தேகமா என்பது இன்றைய தலைப்பு. சந்தேகமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு கருத்துகளை முன்வைத்தார். பெண் பிள்ளை இரவில் பயணம் செய்யும்போது வரைபடத்தில் அவள் நகர்ந்து வருவதைப் பார்த்தால்தான் பெற்றவர்களுக்குத் தூக்கம் வரும் என்றார். மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் பகிர்வை ஏன் நிறுத்தப் போகிறார் என்றும் கேட்டார். முதல் கருத்தில் இருக்கும் தவிப்பு எனக்குத் தெரியும். நானும் ஒரு மகளைப் பெற்றவள். இரண்டாவது கேள்வியை ஒரு விடியற்காலையில் நானே என் மகளைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். அதைத்தான் இந்த அவையில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

பொங்கல் விடுமுறைக்காக என் மகள் கிளாம்பாக்கத்தில் மதுரைப் பேருந்து ஏறினாள். இரவு 9 மணிக்கு வாட்ஸ்அப்பில் தன் நேரலை இருப்பிடத்தை எனக்கு அனுப்பினாள். விழுப்புரம் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நான் கண்ணயர்ந்தேன். மறுநாள் விழித்தபோது அவள் கொட்டாம்பட்டியை நெருங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து பார்த்தால், நேரலை இருப்பிடம் முடிந்துவிட்டது என்று காட்டியது. அழைத்தேன், எடுக்கவில்லை. மொத்தம் 11 முறை அழைத்தேன். கடைசியாக எப்போது வாட்ஸ்அப்பில் இருந்தாள் என்று பார்த்தேன். அந்த நேரத்தில் அவளுடைய தோழியை எழுப்பி, அவள் தனியாகத்தான் பேருந்து ஏறினாளா என்று கேட்டேன். நடுவர் அவர்களே, பொங்கி வழிந்த பாலைக்கூடக் கவனிக்காமல் நின்ற அந்த முக்கால் மணி நேரத்தில் என் மனம் விபத்தை நினைத்தது ஒருமுறை. யாருடனாவது வழியில் இறங்கிவிட்டாளோ என்று நினைத்தது பலமுறை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஊரில் சொல்வார்களே, எனக்கு இருண்டது ஒரு கைப்பேசித் திரை.

ஆறு மணிக்கு அவள் வாசலில் வந்து நின்றாள். பேருந்து இருக்கையின் வரிகள் ஒரு பக்கக் கன்னத்தில் பதிந்திருந்தன. வந்துவிட்டாயா என்று நான் கேட்கவில்லை. “ஏன்டி லொகேஷனை ஆஃப் பண்ண?” என்று கேட்டேன். “தூங்கிக்கிட்டு இருந்தேம்மா, போன் சைலண்ட்ல பைக்குள்ள இருந்துச்சு” என்றாள். பிறகு அந்தச் செய்தியைத் திறந்து என்னிடம் காட்டினாள். வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்ற மூன்று அளவுகளில் ஒன்றைத் தேர்ந்துதான் அனுப்ப முடியும். இருப்பதிலேயே நீண்டதை எனக்காக அவள் தேர்ந்திருந்தாள். 9 மணிக்கு அனுப்பியது 5 மணிக்குத் தானாகவே முடிந்திருக்கிறது. 5 மணி வரை என்று அந்த வரைபடத்துக்கு அடியிலேயே முதல் நாள் இரவிலிருந்து எழுதியிருந்தது. கண்ணயரும் வரை அந்தத் திரையைத் திறந்து திறந்து பார்த்த நான் அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

சரி, ஊன்றிப் படித்திருந்தால் உண்மை தெரிந்துவிடுமே என்று எதிரணியினர் கேட்கலாம். எந்த அளவுக்குத் தெரியும் என்று பார்ப்போம். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிடமிருந்து கைப்பேசி சமிக்ஞையைப் பெறுகிறதே தவிர, அவற்றுக்கு எதையும் அனுப்புவதில்லை. தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு, இணையத்தின் வழியாக நம் கைக்கு அனுப்புவது அந்தக் கைப்பேசிதான். ஆகவே சார்ஜ் தீர்ந்தாலும், டேட்டா முடிந்தாலும், சிக்னல் இல்லாத மலைப்பாதையில் வண்டி ஏறினாலும், பேட்டரியைச் சேமிப்பதற்காகக் கைப்பேசியே அந்தச் செயலியை உறங்க வைத்தாலும் நமக்கு வரும் தகவல் நின்றுவிடுகிறது. கூகுள் மேப்ஸில் ஒருவர் இணையத் தொடர்பை இழந்தால் அவர் கடைசியாக இருந்த இடம் கொஞ்ச காலம் தெரிந்துகொண்டிருக்கும். பகிர்வை நிறுத்தினால் அறிவிப்பு எதுவும் இல்லாமல் அவர் பட்டியலிலிருந்தே போய்விடுவார். ஐபோனில் இருப்பிடம் கிடைக்கவில்லை என்று வந்தால், அணைந்த கைப்பேசிக்கும் அதே சொல்தான், விமானப் பயணமுறையில் போட்ட கைப்பேசிக்கும் அதே சொல்தான்.

ஓர் இடத்தில் மட்டும் உறுதியான விடை கிடைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐபோனில் ஒருவர் பகிர்வை நிறுத்தினால், செய்திகள் செயலியில் அவருடனான உரையாடலுக்கு நடுவே அதைச் சொல்லும் ஒரு வரி வந்து விழுகிறது. ஆனால் அந்த வரி அவர் நிறுத்தினார் என்று சொல்கிறதே ஒழிய, ஏன் நிறுத்தினார் என்று சொல்வதில்லை. நம் மனம் கேட்பதோ அந்த ‘ஏன்’ மட்டும்தான். அதற்கு விடை அவரிடம்தான் இருக்கிறது. எனவே தேடி முடித்த பிறகும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். அப்போது நாம் நலம் விசாரிக்கும் மனநிலையில் நிற்பதில்லை, கையில் சான்றோடு குறுக்கு விசாரணை செய்யும் மனநிலையில் நிற்கிறோம். அதோடு, மறைக்க நினைப்பவர் பகிர்வை நிறுத்தவே வேண்டியதில்லை. கைப்பேசியை விடுதி அறையில் வைத்துவிட்டு எங்கு வேண்டுமானாலும் போய்வரலாம். திரையில் அவர் அறையிலேயே இருப்பார்.

நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. போதைப்பொருள் வழக்கில் கைதான நைஜீரிய நாட்டவர் ஒருவருக்கு ஜாமீன் கொடுத்தபோது, கூகுள் மேப்ஸில் அவர் இருக்குமிடத்தை விசாரணை அதிகாரி அறியும்படி செய்ய வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் நிபந்தனை விதித்தது. நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோர் அடங்கிய அமர்வு 2024 ஜூலை 8 அன்று அந்த நிபந்தனையை நீக்கியது. ஜாமீனில் இருப்பவரின் நடமாட்டத்தைக் காவல்துறை இடைவிடாமல் கண்காணிக்க வழிசெய்யும் நிபந்தனை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் அந்தரங்க உரிமையை மீறுகிறது என்பதே அதற்குக் காரணம். குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த உரிமை உண்டு என்னும்போது, எந்தக் குற்றமும் செய்யாமல் பேருந்தில் தூங்கிய என் மகளுக்கு இல்லையா?

பாதுகாப்பைப் பற்றி எதிரணியினர் மறுபடியும் கேட்பார்கள். கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான். தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியைப் பாருங்கள்: ஆபத்தில் இருக்கும் பெண் பொத்தானை அழுத்தும்போது அவளுடைய இருப்பிடம் காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. முடிவு அவள் விரலில் இருக்கிறது. இன்னொரு புறத்தையும் எண்ணிப் பாருங்கள். அடிக்கும் கணவனிடமிருந்து விலக நினைக்கும் பெண்ணுக்கு, தான் எங்கே இருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு. அப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்துத்தான், எல்லாப் பகிர்வுகளையும் ஒரேயடியாக நிறுத்தும் வசதியை ஆப்பிள் நிறுவனம் 2022இல் ஐபோனில் சேர்த்தது. அவள் எதை மறைக்கிறாள் என்று எதிரணித் தலைவர் கேட்பாரா? கேட்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

இப்போது என் மகள் ஊருக்கு வரும்போது இருப்பிடத்தை அனுப்புவதில்லை, நானும் கேட்பதில்லை. மேலூர் தாண்டியதும் அழைக்கிறாள். தூக்கக் குரலில், “அம்மா, மாட்டுத்தாவணி வரப்போகுது, காபி போடு” என்கிறாள். நடுவர் அவர்களே, அன்று விடியற்காலை நான் கேட்ட கேள்வியையும் கேட்கத் தவறிய கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எங்கள் அணிக்கு ஆதரவாகத் தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொண்டு அமர்கிறேன். வணக்கம்.